சன்னன் கவுர் செருப்பில் மாப்பிள்ளை பார்த்த கதை

பொற்கோயிலுக்கு வருகிறவர்கள் கழற்றிக் கொடுக்கும் செருப்புகளை வாங்கி, துப்பட்டா நுனியால் தூசி தட்டி, டோக்கன் கொடுப்பது சன்னன் கவுரின் சேவை. அமிர்தசரஸ் முழுக்க அவளுக்கு ஒரு பெயர் உண்டு: செருப்பைத் தொட்டால் ஆளைச் சொல்லிவிடுவாள். நம்பினால் நம்புங்கள், ஒருநாள் ஒருவரின் பூட்ஸைத் தட்டிவிட்டு, "ஓடுய்யா, உன் எருமை கன்னு போடப்போவுது" என்றாள். அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் இரட்டைக் கன்று. அதில் ஒன்று பூட்ஸ் நிறம்.

அவளுக்குப் பிடிக்காதவன் ஒருவன்தான்: ஷூவின் குதிப்பக்கத்தை மிதித்து நசுக்கி, சப்பாத்தியாக்கி மாட்டிக்கொண்டு திரிகிறவன். "குனிஞ்சு ஷூ போட வணங்காதவன், பொண்டாட்டிக்கு ஒரு தட்டு நகத்துவானா?" என்பாள்.

அவள் மகள் லவ்லீன் கட்டினால் ஜஸ்கரணைத்தான் கட்டுவேன் என்றாள். ஜஸ்கரணோ பிறந்ததிலிருந்து குதி நசுக்குகிறவன்.

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வரச் சொல்லு. செருப்பைப் பாத்துட்டுதான் சம்மதம்" என்றாள் அம்மா.

ஞாயிறன்று ஜஸ்கரண் கவுன்ட்டரில் வைத்த ஷூ கண்ணாடியாகப் பளபளத்தது. குதி நிமிர்ந்து நின்றது. டோக்கன் வாங்கிக்கொண்டு லவ்லீனோடு கும்பிடப் போனான். சன்னன் கவுர் தூசி தட்ட உள்ளே கைவிட்டாள். ஷூ நுனியிலிருந்து தலையணைக்கு ஆகும் அளவு பஞ்சு வந்தது. அதே சேவையில் பக்கத்தில் செருப்பு துடைத்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்கியதில் வயிறு வலித்தது.

திரும்பி வந்தவனிடம் சன்னன் கவுர் கேட்டாள்: "ஏம்ப்பா, உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள கால் சுருங்கிடுச்சா?"

"மாமா ஷூ, பீபிஜி" என்றான் பையன். காது சிவந்துவிட்டது. "என்னோடது... குதி நசுங்கினது."

"அப்போ கல்யாணமும் மாமாவோடதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லவ்லீனின் கண் கலங்கியது.

அந்நேரம் பார்த்து, சன்னன் கவுரைக் கூட்டிப்போக வந்த அவள் கணவர் மேவா சிங், தரிசனம் முடித்து வந்து டோக்கனை நீட்டினார். நான் அவருடைய ஜுத்தியை, அந்தத் தோல் செருப்பை எடுத்து, வேண்டுமென்றே எல்லோர் கண்ணிலும் படும்படி நடுவில் வைத்தேன். குதி இரண்டும் சப்பாத்தி.

"அம்மா, இது யாரோடது?" என்றாள் லவ்லீன்.

"உங்கப்பா... அவர் கதை வேற."

"என்ன வேற?" என்றார் மேவா சிங். "வீட்டுல தெனம் பாத்திரம் தேய்க்கிறது யாரு? சொல்லேன், சேவைக்கு வந்த எடத்துல பொய் சொல்லாத."

சன்னன் கவுர் ஜுத்தியைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். "பாத்திரம் தேய்ப்பியாடா?"

"நல்லா தேய்ப்பேன் பீபிஜி!"

"அப்போ சொந்த ஷூவுல வா."

கல்யாணத்தன்று எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையின் ஷூவைப் பெண் வீட்டார் ஒளித்துவைத்தார்கள். எந்தக் கொழுந்தியிடம் கெஞ்சியும் கிடைக்கவில்லை. மாமியார்தான் கடைசியில் ஒரு டோக்கனை நீட்டினாள். ஷூ வந்தது, குதிக்குள் தகரம் வைத்துத் தைத்து.

அன்று அவன் குனிந்துதான் போட்டான்.