கூப்பிடுவார்கள் என்று நின்றவர்கள்

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டபின் ஊர் ஊராகச் செய்த வேலைகளில் கரும்பு வெட்டுவதும் ஒன்று. அந்தப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் வெட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு அடுத்த வரிசையில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும். காலையில் காய்ந்த கரும்புச் சோகையை ஒதுக்கும்போது அந்த அக்காவின் கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது.

மேஸ்திரி இருவரையும் பைக்கில் ஏற்றிப்போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, லோடு ஏற்ற ஆளில்லை என்று திரும்பிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் பிடித்துப் போனேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஊசி போட்டிருப்பார்கள் என்று நினைத்தால், இருவரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே இருந்தார்கள். அக்கா சுவரில் சாய்ந்திருந்தார். கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. ஈறில் ரத்தம்.

"இன்னாண்ணா, இன்னும் உள்ள போவலியா?"

"கூப்புடுவாங்கன்னு நின்னுகினு இருக்கோம்பா."

"பாம்பு கடிச்சிதுன்னு சொன்னியா?"

"யாரும் கேக்கலியே."

முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. ஆனால் பண்ணைக்காரர் வீட்டு வாசலில் அவர் நின்று நானே பார்த்திருக்கிறேன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் யாராவது வெளியே வரும்வரை நிற்பார். குரல் கொடுத்தால், "தொரைக்கு அவ்ளோ அவசரமா?" என்பார்கள். பிறந்ததிலிருந்து அப்படிப் பழக்கிவைத்திருக்கிறார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் காரிலிருந்து இறங்கி, பேரப்பிள்ளையின் சளிக்காக, செருப்புக் காலோடு நேரே உள்ளே போனார்.

அக்காவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கத்தினேன். நர்சம்மா ஓடிவந்தார்.

"எப்பக் கடிச்சிது?"

"காலையிலங்க."

"இவ்ளோ நேரம் வெளிய இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க? வாய் இல்ல?"

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "தப்புதாங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் செய்த தப்பு என்ன?

மருந்து ஏற்றினார்கள். உயிர் நின்றது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. "விவரம் தெரியாத ஜனங்க" என்றார் டாக்டர். விவரம் தெரியாதவர்களா மந்திரிக்கப் போகாமல், பச்சிலை தேடாமல், நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்? வரத் தெரிந்தது. உள்ளே நுழையும் உரிமை தங்களுக்கும் உண்டு என்பதைத்தான் யாரும் அவர்களை நம்பவிடவில்லை.

இப்போது அக்கா டயாலிசிஸுக்குக் கள்ளக்குறிச்சி வந்துபோகிறார். மழையில் பாதை சரிந்து பஸ் மலையேறாவிட்டால் வர முடியாது. முகம் ஊதி, மூச்சு வாங்க, அடுத்த பஸ் வரும்வரை வீட்டிலேயே கிடக்கிறார்.