அக்காவின் பாட்டும் என் பெட்டியும்

அந்தப் பெட்டியைக் கண்டாலே எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ப்ரீஆம்ப். மைக்கிலிருந்து வரும் மெலிந்த ஒலியை வளர்த்துத் தருவதுதான் அதன் வேலை. அதிலிருந்து ஒரு வயரை ஸ்பீக்கர் பக்கமும் இன்னொன்றை ரெக்கார்டருக்கும் கொடுக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாரம் முழுக்க அலுவலகக் கோப்புகளோடு மாரடிக்கிற நான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சபையில் பாட்டுகளைப் பதிவு செய்து பெரிய ஆளாகத் தெரிய அது உதவியது.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். குரல் பழையபடி வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்கு முந்தின வாரம் ராஜபாளையத்தில் எங்கள் சபையின் அசனப் பண்டிகை, எல்லோரும் கூடிச் சமைத்துச் சாப்பிடும் நாள். அக்கா தனியாக ஒரு கீர்த்தனை பாட ஒத்துக்கொண்டாள்.

"இத மட்டும் நல்லாப் பிடிச்சு வச்சிரு தம்பி. பொறவு பாட்டு வருமோ வராதோ," என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. அதனால் அது மனதில் தைத்தது.

மைக் செட்காரர் மம்சாபுரத்துக்காரர். அவருடைய ஆம்ப்ளிஃபையரில் லேசான இரைச்சல். காலையில் பந்தலில் நாலு பேர் முன்னால், "இத வச்சு ஆடு மாடு ஏலம் விடலாம்ணே, பாட்டுக்கு ஆவாது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அப்பம் உங்க பெட்டிய வச்சே நடத்துங்க தம்பி. என்னையக் கேக்காதிய," என்று சொல்லிவிட்டு ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு எப்போதும் வாய் நீளம். மைக்கை என் பெட்டிக்குள் விட்டு, அதிலிருந்து அவருடைய ஆம்ப்ளிஃபையருக்கு வயர் இழுத்தேன்.

மதியம் அக்கா பாடத் தொடங்கினாள். எங்கள் பண்டிகையில் ஒரு வழக்கம் உண்டு. பந்தலுக்குப் பின்னால் அடுப்பில் நிற்கிறவர்களுக்குப் பாட்டு கேட்கவில்லை என்றால், சோறு கிளறும் கரண்டியைத் தூக்கிக் காட்டுவார்கள். அன்றும் கரண்டி உயர்ந்தது. "ஏலே, சத்தம் காணாதுலே!" என்று கத்தவும் செய்தார்கள்.

ஆம்ப்ளிஃபையரில் சத்தத்தைக் கூட்டச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. மைக் செட்காரர் ஐந்தடி தூரத்தில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, செத்த ஏத்துங்க." மூன்றே சொல். என் வாயிலிருந்து வரவில்லை. என் பெட்டியிலேயே ஒலியைக் கூட்டும் கெய்ன் குமிழைத் திருகினேன். மறுபடி கரண்டி. மறுபடி திருகினேன். ரெக்கார்டரில் அளவு எகிறியது, அங்கே குறைத்துவிட்டேன். பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னியது. ஒலி பெட்டிக்குள்ளேயே கிழிகிறது என்று அதற்கு அர்த்தம். அதன்பிறகு எங்கே குறைத்தும் புண்ணியமில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். அக்கா மேல் ஸ்தாயியில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பழைய கூம்பு ஸ்பீக்கரின் கரகரப்பில் அந்தக் கிழிசல் யாருக்கும் தனியாகத் தெரியவில்லை. ஹெட்போன் என் கழுத்தில் சும்மா தொங்கியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. பேச்சு கரகரப்பாக வந்தது, பாட்டு வரவில்லை. பதிவைச் சரிசெய்ய கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா பதிவைக் கேட்டபோதெல்லாம், இரண்டு மாதம் ஏதேதோ சாக்குச் சொன்னேன். ஒருநாள் அவள் விடவில்லை.

போட்டேன். கீழ் ஸ்தாயி அழகாக இருந்தது. மேலே போன இடமெல்லாம் தகரத்தைத் தேய்ப்பதுபோல் கேட்டது. கடைசிவரை கேட்டாள்.

"அப்பவே தொண்ட போயிருக்கு பாரு. நல்லாப் பாடுனேன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

இல்லை அக்கா, கெடுத்தது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏற்கெனவே போன குரல்தானே, இழந்தது பெரிதில்லை என்று அவள் ஆறுதல் அடையட்டும் என ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தேன். கோழைக்கு நியாயமா கிடைக்காது?

இப்போதும் சபைக் கோவிலில் யாராவது, "அன்னைக்கு நீங்க பாடுனது மாதிரி இதுவரைக்கும் யாரும் பாடலக்கா," என்று சொல்வதுண்டு. அக்கா தலையை ஆட்டி மறுக்கிறாள்.

"மனசு நோவக் கூடாதுன்னு சொல்லுதிய. என் தம்பி பிடிச்சு வச்சிருக்கான். நானே கேட்டேன்லா," என்கிறாள்.

சரிதானே என்பதுபோல் என்னைப் பார்க்கிறாள். நானும் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.