எங்கட சொல்லின்ர சத்தம்

பதர்ஸ்ற் வீதிக்குப் பக்கத்தில ஒரு வீடு. அங்க ஒரு வயசான யூத அம்மாவைப் பார்க்கப் போறனான். குளிக்க வாக்கிறது, சாப்பாடு குடுக்கிறது, நடக்கப் பிடிக்கிறது. எனக்கு முன்னம் இன்னொரு தமிழ் அக்கா நிப்பா. நான் வர அவ போவா.

அம்மாவுக்கு மறதி வருத்தம். இங்கிலீஷ் குறைஞ்சு கொண்டு வந்தது. சின்ன வயசுப் பாஷைதான் மிச்சம்.

அண்டைக்கு நான் போகேக்க அம்மா மேசையில சூப் குடிச்சுக் கொண்டிருந்தவ. அக்கா வெளிக்கிடாமல் கதைச்சுக் கொண்டு நிண்டா. அவவுக்குக் குரல் பெரிசு. யூத ஆக்கள் ஒற்றுமையான ஆக்களாம், காசில கெட்டிக்காரராம். எங்கட ஆக்கள் அதில பாதி இருந்திருந்தால் எங்களுக்கும் ஒரு நாடு கிடைச்சிருக்குமாம். இந்தக் கதையை எங்கட ஆக்கள் கூட இருக்கிற ஸ்காபரோவில எந்தப் பேர்த்டே பார்ட்டிக்குப் போனாலும் கேக்கலாம். நானும் தலையாட்டினன்.

அம்மாவின்ர கரண்டி நிண்டிட்டுது. அக்கா திரும்பவும் "யூத" எண்டா. அம்மா எழும்பினா. தனிய எழும்பாதவ. எங்கட கையைத் தட்டிவிட்டு, நடையில தொங்கின குளிர் கோட்டை இழுத்தெடுத்துக் கொண்டு, பாத்ரூமுக்குள்ள போய்ப் பூட்டியிட்டா.

கூப்பிட்டன். திறக்கேல்ல. உள்ள நிலம் ஈரம். முறிஞ்ச இடுப்பு எலும்பு போன மாதம்தான் பொருந்தினது. விழுந்தா முடிஞ்சுது.

அக்கா ஒரு சில்லறைக் காசு எடுத்தா. அந்தப் பூட்டை வெளியால காசு வைச்சுத் திருப்பலாம். காசு பூட்டில பட, உள்ளயிருந்து ஒரு முனகல் வந்தது. குழந்தைப் பிள்ளையின்ர குரல் மாதிரி. நான் அக்காவின்ர கையைப் பிடிச்சிட்டன். அம்மாவின்ர மகளுக்கு ஃபோன் அடிச்சன். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவ. ஓடி வந்தா.

என்ன செய்தனீங்கள் எண்டதுதான் முதல் கேள்வி. அடிச்சிட்டம் எண்டு நினைச்சிருப்பா. அவவின்ர இடத்தில நானும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன்.

கதைச்சுக் கொண்டு நிண்டனாங்கள் எண்டன். என்ன கதை எண்டா. இங்கிலீஷில 'ஜூ' எண்டு ஆக்களைச் சொல்லலாமோ கூடாதோ எண்டு எனக்குத் தெரியாது. வாய் வரேல்ல.

"சொல்லுங்கோ. அது கெட்ட சொல் இல்லை. நான் ஜூ தான்."

எங்கட பாஷையில அதை யூத எண்டு சொல்லுறது எண்டன். கதவுக்குக் கேக்காமல் சொன்னன்.

அவ சுவரோட சாய்ஞ்சா. அம்மாவுக்கு அப்ப அஞ்சு வயசாம். ஜேர்மன் பாஷையிலயும் ஜூவுக்குக் கிட்டத்தட்ட இதே சொல்லாம். ஜேர்மன் ஆமிக்காரர் வீடு வீடாப் போய்க் கத்தினது இந்தச் சத்தம்தானாம்.

அக்காவுக்குப் பொறுக்கேல்ல. "நான் புகழ்ந்துதானே சொன்னனான், பிள்ளை. அதைச் சொல்லு அவவுக்கு."

இங்கிலீஷில மாத்திச் சொன்னன். ஒற்றுமையையும் சொன்னன், காசையும் சொன்னன்.

"காசுக் கதையும் வேண்டாம்," எண்டா மகள். "அந்தப் புகழ்ச்சியாலயும் எங்கட ஆக்கள் செத்திருக்கினம்."

அவ கத்தேல்ல. அக்காவைத் தோட்டத்தில போய் நிக்கச் சொன்னா. பிறகு கதவோட நிலத்தில இருந்து தாயின்ர பாஷையில கதைச்சா. உள்ள ஏதோ சறுக்கிச்சுது. மகளின்ர குரல் நிண்டு, திரும்பத் தொடங்கினது. கனநேரத்துக்குப் பிறகு பூட்டுத் திரும்பினது.

அம்மா குளிர் கோட்டோட நிண்டா. ஆடி மாத வெயில். பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தவ. என்னைப் பார்த்து ஏதோ கேட்டா.

"அவையள் போயிட்டினமோ எண்டு கேக்கிறா," எண்டா மகள்.

தமிழில வாய் திறக்கப் பயமாக் கிடந்தது. ஓம் எண்டு தலையை ஆட்டினன்.

ஜன்னலுக்கால அக்கா தெரிஞ்சா. வெயிலுக்குக் கைப்பையைத் தலையில பிடிச்சுக் கொண்டு வேலியோட நிண்டா. அம்மா அந்தப் பக்கம் திரும்ப முன்னம் திரையை இழுத்து மூடினன்.

கோட்டைக் கழட்ட விடேல்ல. அதோடயே இருந்து ஆறின சூப்பைக் குடிச்சா.