படித்துவிட்டுத் தட்டுகிறவள்

தனியாகப் பேசினால் பைத்தியம் என்று யார் சொன்னது? அப்படிப் பார்த்தால் எதிர்வீட்டு முத்துத்தாய் விடிந்ததிலிருந்து ஆட்டுக்குட்டியோடு பேசுகிறாள். "ஏ கருவாச்சி, அங்கிட்டு என்னடி பார்வ, இங்கிட்டு வா" என்று அவள் கேட்டதற்கு அந்த ஆடு ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. அவளைப் பேயோட்டுகிற கோடாங்கியிடம் கூட்டிப்போக வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. இருளப்பசாமி மகள் கனகலட்சுமி தன் அறைக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்து நாலு வார்த்தை முணுமுணுத்தால் மட்டும் தெருவுக்கே காது முளைத்துவிடுகிறது.

"ஏ இருளப்பா, ஓம் மக யாருகூடப்பா பேசுறா, செவுத்துகூடயா?" என்று குழாயடியில் வைத்து முத்துத்தாய் கேட்டாள். "மெட்ராசுல இருந்து வந்து ரெண்டு வருசம் ஆகப் போகுது. வாசப்படியத் தாண்டல. நீயும் தெனம் அவ செருப்பத் தொடச்சு வாசல்ல போடுற, பொழுது சாய எடுத்து உள்ள வைக்கிற. வெளிய வராத புள்ளைக்குச் செருப்பு எதுக்கு? பந்தல்குடியில ஒரு கோடாங்கி இருக்காராம். ஒரு எட்டு போயிட்டு வா."

இருளப்பசாமி வாயில்லாத மனிதர். குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாயுள்ளவர்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள்: அவள் பேசவில்லை, படிக்கிறாள்.

கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை சொல்ல வேண்டுமானால் ஒரு வரி அடிக்க வேண்டும். அடித்து என்டர் என்ற கட்டையைத் தட்டினால் அது செய்துவிடும். எல்லோரும் அடித்த கையோடு தட்டுவார்கள். கனகலட்சுமி தட்ட மாட்டாள். அடித்து முடித்ததும் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அடித்ததை முதல் எழுத்திலிருந்து வாய்விட்டுப் படிப்பாள். படித்துவிட்டுத் தன்னையே மூன்று கேள்வி கேட்பாள். "இது எந்த இடம்? செய்யப் போறது என்ன? போனா திரும்புமா?" மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் வலது மோதிர விரலை உயர்த்தி, நெற்றியில் பொட்டு வைப்பதுபோல் ஒரே ஒரு தட்டு. இதற்குக் கோடாங்கி வந்து உடுக்கை அடித்து என்ன செய்ய?

அந்தப் பழக்கம் சென்னையில் வந்தது. அங்கே ஒரு பெரிய கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்தாள். ஒரு நாள் பழைய குப்பையை அழிப்பதற்கு ஒரு வரி அடித்தாள். நடுவில் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விழுந்துவிட்டது. ஒரு எள்ளு போடும் அளவு இடம். அவள் சொன்னது ஒரு மூலையைக் கூட்டச் சொல்லி; இடைவெளி விழுந்ததால் அது வீட்டையே கூட்டி வெளியே கொட்டிவிட்டது. நூற்றுக்கணக்கான பேர் இரண்டு நாள் தூக்கமில்லாமல் உட்கார்ந்து திரும்பக் கொண்டுவந்தார்கள். கம்பெனிக்காரர்கள் துரத்தினார்கள் என்று தெருவில் பேசுவது சுத்தப் பொய். "இது எல்லாருக்கும் நடக்கிறதும்மா, திங்கக்கிழமை வந்துரு" என்றுதான் சொன்னார்கள். இவள்தான் போகவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவள், பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததோடு சரி. தன் கையின் மேல் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. பார்ப்பவர்கள் "ஏன் வந்துட்ட" என்று கேட்பார்களே, அதற்கும் பதில் இல்லை.

வீட்டுக்குள் இருந்தாள் என்றால் சும்மா இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். விதைப் பருத்தி போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து மேசை போட்டாள். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். கரிசல் தூசி எங்கே போனாலும் விடாது என்பதால் எழுத்துக் கட்டைகளை வாரம் ஒரு தடவை பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்ப்பாள். பக்கத்தில் ஒரு டம்ளர் கடுங்காப்பி, ஒரு பொட்டலம் காரச்சேவு. சேவைத் தின்ற கையால் கட்டையைத் தொட மாட்டாள், சட்டையில் துடைத்துக்கொள்வாள். அந்தச் சட்டையின் வலது பக்கம் மட்டும் மிளகாய்ச் சிவப்பாக இருக்கும்.

வேலை கொடுத்தவர் ஹாஜா நஜ்முதீன். பதினெட்டு வருஷம் சவுதியில் தமாமில் இருந்துவிட்டு வந்து அருப்புக்கோட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். இருளப்பசாமியிடம் வருஷா வருஷம் மிளகாய் வத்தல் வாங்குகிற பழக்கத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர், இவளைப் பார்த்துவிட்டுக் கேட்டார். ரத்தத்தை எண்ணுகிற மெஷின்கள் எல்லாம் தங்கள் முடிவைப் பின்னறையில் இருக்கும் ஒரு பெட்டிக்கு அனுப்பும். அந்தப் பெட்டிதான் ரிப்போர்ட்டை அச்சடிக்கும், போனுக்கு அனுப்பும், பதினோரு வருஷத்து ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருக்கும். லினக்ஸ் என்று அதற்குள் ஓடுவதற்குப் பெயர். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"என்னால முடியாதுண்ணே" என்றாள்.

"நீ வர வேணாம்மா. இருந்த இடத்துல இருந்து பாரு. பெட்டி என்ன, ஓடியா போகப் போகுது?"

அப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் ஒரு பள்ளிக்கூடம், ஒரு லாரி ஆபீஸ். எந்தப் பெட்டியையும் அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எது எத்தனை மணிக்குச் சூடாகும், எது திங்கட்கிழமை திணறும் என்பது அவளுக்குத் தெரியும். தினம் காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றிலும் இடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பாள். போனில் பேசுவது மாடியில். சிக்னல் அங்கேதான் நிற்கும். மாடி முழுக்க மிளகாய் காயும். யாராவது போனில் கத்திக்கொண்டிருக்க, இவள் "ம்ம், ம்ம்" என்றபடி காலால் வத்தலைத் தள்ளித் தள்ளிப் புரட்டிக்கொண்டே நடப்பாள். கேட்டு முடிப்பதற்குள் அரை மாடி புரட்டியிருக்கும்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, உயரமாக லோடு ஏற்றிப்போன லாரி ஒன்று தூத்துக்குடி ரோட்டில் வயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஊருக்கே நெட்டு இல்லை; போனிலும் பேச்சு மட்டும்தான் வந்தது. சரி செய்ய வருகிறவர்கள் வருகிறோம் வருகிறோம் என்றார்கள். நாலு நாள் அவள் ஒரு பெட்டியையும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஹாஜா நஜ்முதீன் போன் பண்ணினார்.

"ஏம்மா, பெட்டி எழுத மாட்டேங்குது. இடம் இல்லைங்குது. இன்னைக்கு மாசமா இருக்கவுகளுக்கு ரத்தம் பாக்குற நாளு, நாப்பது பேரு வந்துருக்காக. அதுல ஒரு புள்ளைக்கு மத்தியானம் ஆப்பரேசன். ரிப்போர்ட்டு எங்கன்னு ஆசுபத்திரியில இருந்து மூணு தடவ கேட்டுட்டாக. ராஜகுரு என்னத்தையோ அழிச்சுப் பாக்குறாரு, இடம் வர மாட்டேங்குது."

ராஜகுரு அங்கே ரிப்போர்ட் அடிப்பவர். நல்லவர். அவசரக்காரர். போன் அவர் கைக்கு மாறியது.

"ராஜகுரு அண்ணே, என்னத்த அழிச்சீக?"

"நகல்னு ஒண்ணு கெடந்துச்சு. நகல்தானேன்னு மொதல்ல அதத் தூக்குனேன்."

கனகலட்சுமியின் கால் மிளகாயின் மேல் நின்றுவிட்டது. பதினோரு வருஷத்து ரிப்போர்ட்டுக்கும் அவள் எடுத்து வைத்திருந்த ஒரே மாற்றுப்பிரதி அதுதான். அது வேறொரு டிஸ்க்கில் இருந்ததால், அதை அழித்ததில் இங்கே ஒரு குண்டுமணி இடம்கூட வரவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் இருக்கதுலயே பெருசா லாக்குன்னு ஒண்ணு. அதையும் அழிச்சேன். அப்பயும் நூத்துக்கு நூறு ரொம்பிருச்சுன்னே காட்டுது. இனி பழைய ரிப்போர்ட்டுதான் இருக்கு. பத்து வருசத்துக்கு முந்துன ரத்தத்த யாரு கேக்கப் போறா? அதை…"

"கைய எடுங்க."

"எடுத்துட்டேன்."

"கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க அண்ணே. நான் சொல்ற வரைக்கும் அவுக்கக் கூடாது."

இரண்டே இரண்டு வரி அவரை அடிக்கச் சொன்னாள். இரண்டும் வெறுமனே பார்க்கிற வரி, எதையும் தொடாது. ஒன்று, இடம் எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்பது. நூற்றுக்கு நூறு என்றது. இன்னொன்று, இருக்கிற சாமானை எல்லாம் கூட்டிச் சொல்வது. நூற்றுக்கு முப்பத்தெட்டு என்றது. ராஜகுரு பயந்துவிட்டார். "என்னம்மா, ஒண்ணுக்கொண்ணு பொய் சொல்லுது."

"ரெண்டும் நெசந்தாண்ணே" என்றாள். அவள் குரலில் முதல் தடவையாக ஒரு தெம்பு. "திருச்சுழி பஸ்ஸுல ஆள எண்ணுனா பாதி பஸ்ஸு காலி. உக்காரப் போனா ஒரு சீட்டு இல்ல. ஏன்?"

"ஜன்னல் வழியாத் துண்டப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பாங்க."

"அதான். லாக்குங்கிறது ரத்தம் எண்ணுற புரோகிராமு எழுதுற நோட்டு. நீங்க நோட்டுப் பேரத்தான் அழிச்சீக. புரோகிராமு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, நோட்ட விடல. அது துண்ட எடுக்காம சீட்டு காலியாகாது."

ஹாஜா நஜ்முதீன் போனை வாங்கினார். "அப்ப மொத்தமாப் பிளக்கப் புடுங்கி மாட்டிருவமா?"

"புடுங்குனா இன்னைக்கு எண்ணுனது பூராம் மெஷினு வயித்தோட போயிரும்ணே. நாப்பது பேரையும் திரும்பக் குத்தணும்."

"அப்ப அந்தத் துண்ட எப்படி எடுக்கன்னு சொல்லு. ராஜகுரு அடிக்கட்டும்."

அவள் சொல்ல வாயைத் திறந்தாள். வரி நுனிநாக்கில் நின்றது. நிறுத்துகிற வரி அது. பார்க்கிற வரி இல்லை. ராஜகுருவின் அவசரமான விரல்கள் அவளுக்குத் தெரிந்தன. ஒரு எள்ளு போடும் இடம் தெரிந்தது. நகலும் இல்லை இப்போது.

"இத வாயால சொல்லி இன்னொருத்தர் கைய வச்சு அடிக்க மாட்டேன்ணே."

"நெட்டும் இல்லைங்குற, சொல்லவும் மாட்டேங்குற. பின்ன என்னம்மா செய்ய?"

கீழே தெருவில் முத்துத்தாய் ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்தாள். வத்தல் நெடி மூக்கில் ஏறியது. கனகலட்சுமி மாடியின் ஓரம் வரை நடந்து கீழே வாசலைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

"நான் வாரேன்."

போன இடத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுவதுதான் சரி. இல்லாவிட்டால் கேட்கிறவர்களுக்கு அந்த நாற்பது பேர் ஞாபகமாகவே இருக்கும். பின்னறைக்குள் போனவள் ராஜகுருவை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். யார் துண்டு என்று கேட்டாள், பெட்டி சொன்னது. மெஷின் கையில் எடுத்திருந்த குழாயை எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தாள். வரியை அடித்தாள், மடியில் கை வைத்தாள், வாய்விட்டுப் படித்தாள். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் கதவோரம் எட்டிப் பார்த்தார்கள். அவள் படிப்பதை நிறுத்தவில்லை. தட்டினாள். அந்தப் புரோகிராம் அமைதியாகப் படுத்து எழுந்தது. நூறு முப்பத்தெட்டாக இறங்கியது. மெஷின் வயிற்றில் கிடந்தவையெல்லாம் வரிசையாக வந்து எழுதிக்கொண்டன. ஆப்பரேஷன் பிள்ளையின் ரிப்போர்ட் முதலில் போனது; ஆப்பரேஷன் முடிந்து அவளுக்குப் பெண் குழந்தை. நோட்டு ஏன் அப்படிப் பெருத்தது என்று தேடினால், வெள்ளிக்கிழமை ராஜகுரு மேசையைத் துடைக்கும்போது, யாரும் தொடாத இன்னொரு பழைய பிரிண்டரின் வயரைக் கழற்றிவிட்டு மாட்டவில்லை. "பிரிண்டர் இல்லை, பிரிண்டர் இல்லை" என்று அந்தப் புரோகிராம் நாலு நாளாகக் கோடிக்கணக்கான தடவை எழுதித் தீர்த்திருக்கிறது. அவள் ராஜகுருவைத் திட்டவில்லை. வயரை மாட்டினாள். நோட்டு பெருத்தால் பழைய தாளைத் தானே கழித்துவிடும்படி ஒரு ஏற்பாடு செய்தாள். "நகல்" என்று மறுபடியும் ஒன்று எடுத்து, ராஜகுரு கண்ணில் படும்படி "தொடாதீக" என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

இப்போது வாசல்.

மாடியிலிருந்து இறங்கியவள் அப்பாவின் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். இருளப்பசாமி அப்போதுதான் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மகள் தலை சீவுவதைப் பார்த்தார். ஈரக்காலோடு போய் டிவிஎஸ்ஸை உதைத்து வாசலில் ஓட விட்டுக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார், எந்தப் பக்கமும் பார்க்காமல்.

கனகலட்சுமி பையை மாட்டிக்கொண்டு வாசல்படி வரைக்கும் வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். வெயில் படிக்கு அந்தப் பக்கம் காய்ந்தது. செருப்பு இரண்டும் வழக்கமான இடத்தில், தூசி துடைத்துக் கிடந்தன.

எதிரே முத்துத்தாய் ஆட்டுக்கயிற்றைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். தெருவில் யார் எங்கே போனாலும் கேட்காமல் விட்டதில்லை அவள். ஆனால் கிளம்பி நிற்கிறவளைப் பார்த்து எங்கே என்று கேட்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு ஆட்டைப் பார்த்தாள்.

கனகலட்சுமியின் உதடு அசைந்தது. தெருவுக்கே கேட்கும்படி, முதலிலிருந்து படித்தாள்.

"பை இருக்கு. சார்ஜரு இருக்கு. போற எடம் அருப்புக்கோட்ட. செய்யப் போறது ஒரு புரோகிராம நிறுத்தி எழுப்புறது. போனா…"

துடைத்துக் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"போனா திரும்பலாம்."

மோதிர விரலை உயர்த்தி நிலைக்கட்டையில் பொட்டு வைப்பதுபோல் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு படியைத் தாண்டிச் செருப்புக்குள் காலை விட்டாள்.