கால் போத்தல் இருமல் மருந்து

வாலிப வயதில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. நான் குடிக்க மாட்டேன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதிலேயே, நின்றுபோயிருந்தது. முகத்தைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் எண்ணெய் ஆலையில், செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுத்து எடை எழுதும் கிராணி வேலை. சம்பள நாளில்கூட கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்காத ஆண்பிள்ளை எங்கள் லயத்து வீடுகளிலேயே நான் ஒருவன்தான் என்று சொல்லிக்கொண்டு திரிவேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன். இப்போது நினைத்தால் அந்தப் பையனை இழுத்து வைத்து ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

இந்தப் பெருமையை நம்பித்தான் அக்கா ஈஜோக் என்ற ஊரில் எனக்குப் பெண் பேசினாள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. பெண் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அதற்கு முன்பே ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவள் எனக்கு ரசம் ஊற்றியிருக்கிறாள். போதும் என்று சொல்ல மறந்து, இலை வழிந்து, வேட்டி நனைந்து நான் எழுந்து போனதை அவள் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான்.

பெண்ணின் அம்மா அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான். "நகை நட்டு எதுவும் கேக்க மாட்டேன்மா. குடிக்காத பையனா இருக்கணும். ஒருத்தரோட நான் பட்டது போதும்." ஒருத்தர் என்றால் அவர் வீட்டுக்காரர். அக்கா என்னைப் பற்றி அடித்துச் சொன்னாள். பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். அந்த வாரம் பார்த்து எனக்குச் சளி பிடித்தது.

சாதாரணச் சளியா அது? தும்மல் ஆரம்பித்தால் நிற்காது, கண் அரித்துச் சிவந்துவிடும், இருமினால் நான் எடை எழுத உட்காரும் தராசுக்கூண்டே அதிரும். முதலில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸர் மருந்து மட்டும்தான் தருவார், போத்தல் நாம்தான் கொண்டுபோக வேண்டும். தோட்டத்தில் எல்லாரும் காலி பிராந்திப் போத்தலைக் கழுவி எடுத்துப் போவார்கள். குடிக்காதவன் வீட்டில் போத்தல் ஏது? அத்தானிடம், அதாவது அக்கா வீட்டுக்காரரிடம், ஒரு தட்டையான கால் போத்தலை வாங்கிக்கொண்டு போனேன். பழுப்பு நிறத்தில் இனிப்பாக ஒரு மருந்தை ஊற்றிக் கொடுத்தார் டிரெஸர்.

மறுநாளே சளி போகவில்லை என்று எனக்குக் கோபம். டவுன் கிளினிக்குக்கும் போனேன். அங்கிருந்த தமிழ் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, இது சளி, அலர்ஜி, இருமல் எல்லாத்துக்கும் சேர்த்த மருந்து. அபின் குடும்பத்து மருந்து ஒண்ணு இதுல கலந்திருக்கு. தூக்கம் வரும். நான் குடுக்கிற கரண்டியால அளந்து குடிங்க. தண்ணி போட்டா இதைத் தொடாதீங்க, மூச்சு அடங்கிடும். குடிச்சிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டாதீங்க. வேற யாருக்கும் குடுக்காதீங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு வேணவே வேணாம். வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றேன். டவுன் டாக்டரிடம் காசு கொடுத்து உட்கார்ந்துகொண்டு, தோட்டத்து மருந்தும் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் அவருக்கு மரியாதைக் குறைவாகப் போய்விடுமே என்று நினைத்தேன். எங்கள் தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான். இரண்டு இடத்திலும் மருந்து வாங்குவோம், இரண்டு இடத்திலும் வாயைத் திறக்க மாட்டோம். மற்றபடி அவர் சொன்னதெல்லாம் குடிகாரர்களுக்கான புத்திமதி, நமக்கில்லை என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெண் முன்னால் தும்மித் தொலைத்தால் என்ன ஆவது என்ற பயத்தில் இரண்டு மருந்தையும் குடித்தேன். வழியில் தேவைப்பட்டால்? காற்சட்டைப் பையில் இரண்டு போத்தல் கொள்ளவில்லை. இரண்டும் ஒரே பழுப்பு, இரண்டும் ஒரே இனிப்பு. டவுன் மருந்தையும் கால் போத்தலிலேயே ஊற்றிக் குலுக்கிப் பின்பக்கப் பையில் செருகிக்கொண்டேன். அறிவாளி என்று என்னை நானே மெச்சிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. டாக்டர் கொடுத்த கரண்டி வீட்டில் கிடந்தது. அத்தானின் காரில் போகும்போது தொண்டை அரித்தபோதெல்லாம் ஒரு மடக்கு குடித்தேன்.

ஈஜோக்கில் இறங்கியபோது தும்மல் இல்லை, இருமல் இல்லை. கால் தரையில் படுகிற உணர்வும் இல்லை. பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மத்தியானமே கள்ளுக்கடைக்குப் போய்வந்திருந்தார். அவரும் ஆடினார், நானும் ஆடினேன். ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு உள்ளே போனோம்.

பெண் தேநீர்த் தட்டோடு வந்தாள். எத்தனை நாளாகக் காத்திருந்த முகம்! பார்க்கத்தான் நினைத்தேன். இமையைத் தூக்க முடியவில்லை. பெண்ணின் அம்மா நேராகக் கேட்டார். "தம்பி, தண்ணி கிண்ணி பழக்கம் உண்டா?"

வாழ்நாள் முழுவதும் காத்திருந்த கேள்வி. நாக்கு தடித்துப் போயிருந்தது. "தொ... தொட்டதே இல்லம்மா" என்று குழறிக்கொண்டே நாற்காலியில் சரிந்தேன். பின்பக்கப் பையிலிருந்து கால் போத்தல் நழுவி சிமெந்துத் தரையில் விழுந்தது. உடைந்தாவது தொலைந்ததா? அதுவுமில்லை. பாதி உரிந்த பிராந்தி லேபிளைக் காட்டிக்கொண்டு உருண்டு போய் அந்த அம்மாவின் காலடியில் நின்றது.

அந்த அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, மாப்பிள்ள நம்ம ஆளுலா!"

"அது மருந்து, மாமா" என்றார் அத்தான்.

"நானும் இதத்தான்லா மருந்துங்கிறேன். இவ நம்ப மாட்டேங்கிறா" என்று சொல்லிக்கொண்டே அவர் போத்தலை எடுத்து, மூடியைத் திருகி, வாய்க்குக் கொண்டுபோனார்.

அப்போதுதான் டாக்டரின் குரல் எனக்குக் கேட்டது. தண்ணி போட்டா தொடாதீங்க, மூச்சு அடங்கிடும். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். அவர் விடவில்லை. தோட்டத்து உடம்பு, பலமான கை. இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம்.

"குடிக்காதீங்க மாமா! நீங்க கள்ளு குடிச்சிருக்கீங்க! இது சேந்தா எந்திரிக்க மாட்டீங்க!" என்று கத்தினேன். பெண் பார்க்க வந்த வீட்டில், வருங்கால மாமனாரின் முகத்துக்கு நேரே. எப்படியோ போத்தலைப் பிடுங்கிவிட்டேன். மிச்ச மருந்தெல்லாம் என் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அதோடு நான் விழுந்ததுதான் தெரியும்.

தட்டியும் தண்ணீர் தெளித்தும் நான் சரியாக எழவில்லையாம். மூச்சு இழுத்து இழுத்து வந்ததாம். அக்கா அலறியிருக்கிறாள். காரில் போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது ஒரு டாக்டர் நின்று திட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மருந்திலும் இருந்தது ஒரே சங்கதியாம். இன்னும் கொஞ்சம் குடித்திருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்றார். இன்றும் எந்த மருந்து வாங்கினாலும், ஏற்கெனவே சாப்பிடுவதை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன். மரியாதைக் குறைவு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தோட்டம் முழுக்கச் செய்தி பரவியது. கள்ளுக்கடை ஆட்கள் என்னைக் கண்டாலே எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். சோறு இறங்கவில்லை. தராசுக்கூண்டில் உட்கார்ந்து லோரி எடையைத் தப்புத் தப்பாக எழுதினேன்.

பத்து நாள் போல இருக்கும், அக்கா ஈஜோக்குக்குப் போய்த் திரும்பினாள். அந்த அம்மா இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாராம். பெண்தான் பேசினாளாம்.

"அப்பா வாய்க்குப் போற போத்தல இதுவரைக்கும் யாராலயும் தடுக்க முடிஞ்சதில்லக்கா. தடுக்கப் போயி அம்மாவுக்குக் கை ஒடஞ்சிருக்கு. இவரு நிக்கக்கூட முடியாம இருந்தாரு, ஆனா புடுங்கிட்டாரு. எனக்கு இவரே போதும்."

நான் அழுதுவிட்டேன். சளி இன்னும் விடவில்லை என்று அக்காவிடம் சொன்னேன்.