கண்ணைப் பார்த்துப் பேசும் பயிற்சி

மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் வாத்தியார். கம்பெனிகள் ஆள் எடுக்க வருவதற்கு முன்னால் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ வகுப்பு நடக்கும். சென்னையிலிருந்து வரும் பயிற்சியாளர், “கண்ணைப் பார்த்துப் பேசு, மாற்றுக் கருத்து இருந்தால் தைரியமாகச் சொல்” என்பார். அதே பிள்ளைகள் இத்தனை வருடமும் எங்கள் முன்னால் கையைக் கட்டி, தலை குனிந்து நின்றவர்கள். நிமிர்ந்தால், “என்ன முறைக்கிற?” என்று ஏச்சு விழும். இதை ஒரே வாரத்தில் மாற்றிவிடுவார்களாம்.

வில்லாபுரத்துப் பெண் ஒருத்தி அதை நிஜமென்று நம்பிவிட்டாள். மாதிரி நேர்காணலில் எங்கள் துறைத்தலைவர்தான் கேள்வி கேட்டார். பதில் தப்பு என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்து, “இல்ல சார், நான் சொன்னது சரிதான்” என்று விளக்கினாள். அவள் சொன்னது சரிதான். பயிற்சியாளர் கைதட்டினார். துறைத்தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது.

“பொம்பளப் பிள்ளைக்கு எம்புட்டு வாய்! நீ கம்பெனி இண்டர்வியூவுக்கு வர வேணாம். உங்கப்பனக் கூட்டிட்டு வா.”

நான் பயிற்சியாளரிடம் போனேன். “நீங்க சொன்னதத்தான சார் செஞ்சா? அவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“லோக்கல் கல்ச்சரை நாம மதிக்கணும் சார்” என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். த்தூ!

மறுநாள் அவள் அப்பா வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, “சின்னப் பிள்ள சார், தெரியாமப் பேசிருச்சு” என்று கும்பிட்டார். அவளும் தரையைப் பார்த்தபடி மன்னிப்புக் கேட்டாள்.

“இதுதாம்மா பண்பாடு” என்று குளிர்ந்துபோய் அனுமதி கொடுத்தார் துறைத்தலைவர்.

கம்பெனிக்காரர்கள் முன்னால் அவள் நிமிரவே இல்லை. எல்லாவற்றுக்கும் “ஆமா சார்” என்றாளாம். தன்னம்பிக்கை போதாது என்று தள்ளிவிட்டார்கள்.

“பாத்தீங்களா? நம்ம பிள்ளைகளுக்கு சாஃப்ட் ஸ்கில்ஸ் பத்தல. அந்த ட்ரெய்னர இன்னொரு தடவ கூப்பிடுவோம்” என்றார் துறைத்தலைவர், வடையைக் கடித்துக்கொண்டே.

“அந்தப் பிள்ள வாய அடைச்சதே நீங்கதான் சார்” என்றேன்.

“மொதல்ல உங்களத்தான் அந்த கிளாஸ்ல உக்கார வைக்கணும் போல” என்று சிரித்தார்.

பயிற்சியாளர் மறுபடி வந்தார். அவள் வகுப்புக்குப் போகவில்லை, நூலகத்தில் இருந்தாள். அவளைப் போய்க் கூட்டிவரும்படி என்னிடம் சொன்னார்கள். நான் போகவில்லை.