ரவுண்டுக்கு முன் கழுவிய பை

கலேவெல ஊர் ஸக்கியாவுக்குக் கோபப்படத் தெரியும். கதை கட்டத் தெரியாது. அவளுக்கு நடந்தது இது. ஆஸ்பத்திரியின் பெயர் மட்டும் வேண்டாம்.

தங்கை றுஸ்னாவுக்குப் பித்தக்கல்லால் கணையம் வீங்கி, அதன் அருகே நீர்க்கட்டி உண்டாகிப் பழுத்திருந்தது. கணையநீர் சாதாரணமானதல்ல. நாம் தின்னும் இறைச்சியைக் கரைப்பதே அதுதான். வழிதவறி வெளியே தேங்கினால், பக்கத்து இரத்தக்குழாயையும் அரித்துவிடும். அதனால் கட்டிக்குள் குழாய் விட்டு, நீரைக் கட்டிலோரத்துப் பையில் வடியவிட்டிருந்தார்கள். பையில் இரத்தம் கண்டால் உடனே டாக்டருக்குத் தெரிய வேண்டும். பிந்தினால் உயிர் போகும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் விடியவிடிய அந்தப் பையையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றிலும் குழாய். ஆனால் பை இல்லை. நுனி தரையில் தொங்கியது.

சொட்... சொட்...

காலைத் தேநீர் அவளைத் தாண்டிப் போனது. 'தேயிலைத் தோட்டத்துப் பொம்பளன்னா கணக்கில்லையோ!' ஸக்கியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏழரை. சிற்றூழியர் மேனகா ஓடிவந்தாள்.

"டாக்டர் ரவுண்டு வாறாரு. பையக் கொட்டிக் கழுவுங்க தாத்தா. அசிங்கமா இருந்தா ஏசுவாங்க." முஸ்லிம் அக்காமாரை அவள் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவாள்.

"இதென்ன கலியாண வீடா, தொடச்சி வைக்க?"

சீறினாலும் குனிந்தாள். பையில் வெளிறிய பழுப்பு நீர். அடிமூடியில் கைவைத்தாள்...

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

ஈரம். குளிர்.

"கொட்டாதடி!" பக்கத்துக் கட்டில்காரி. "எனக்குக் கொட்டிட்டாளுக... கழுவிட்டாளுக... நீ காட்டு!"

பை சூடானது.

சிவப்பு.

முழுதும் சிவப்பு... மூடியோரம் கசிந்து அவள் அபாயா அங்கியின் கையில் தெறித்தது.

ஸக்கியா அலறினாள். டாக்டர் பையை ஒரு முறைதான் பார்த்தார். உடனே ஸ்கேன். உடனே கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்.

புறப்படும்போது திரும்பினாள். பக்கத்துக் கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது.

"இதில இருந்தவங்க எங்க?"

மேனகாவின் முகம் வெளுத்தது. "அழகாயிம்மாவா? அவங்க போன மாசமே மௌத்தாயி, அடக்கமும் பண்ணிட்டாங்க தாத்தா. பை செவப்பாத்தான் இருந்திச்சி. ரவுண்டுக்கு முன்னாடி கழுவிட்டாங்க. டாக்டர் சுத்தமான பையப் பாத்துட்டுப் போனாரு."

"கழுவினது யாரு?"

மேனகா தலை நிமிரவில்லை.

"கேக்குறேன், யாருடி?"

மேனகா தன் ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நகர்ந்தாள்.

அன்று மாலை கண்டியில் றுஸ்னாவின் இரத்தக்குழாயைக் கட்டினார்கள். பழுத்த கட்டியைச் சுத்தம் செய்து, கட்டிக்கும் இரைப்பைக்கும் நடுவே ஒரு வாசல் வெட்டித் தைத்தார்கள். இனி அந்த நீர் உள்ளேயே வடிந்துவிடும்.

"பிழைச்சிட்டாங்க," என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். "ரத்தக்குழாய் பலூன் மாதிரி ஊதியிருந்திச்சி. இன்னைக்கோ நாளைக்கோ வெடிச்சிருக்கும். ஆனா ஒண்ணு வெளங்கல. பையில ரத்தம்னு எழுதி அனுப்பியிருக்காங்க. உள்ள ஒரு சொட்டும் கசிஞ்சிருக்கல."

ஸக்கியா தன் அபாயாவின் கையைத் தடவிப் பார்த்தாள்.

காலையில் தெறித்த, றுஸ்னாவுடையதல்லாத அந்த ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.